தில்லி விளையாட்டும் நம் வாசிப்பும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வகுப்பில் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. இங்கே படித்து, வேறோர் ஊரில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டுகளைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2003 மே மாத விண்ணப்பத்தில் 1,200 கோடி ரூபாய் என்றிருந்த மதிப்பீடு, விமான நிலைய, மெட்ரோ பணிகளைச் சேர்க்காமலேயே 18,532 கோடியாகிவிட்டது என்றது அறிக்கை. அந்தச் செய்தி வந்த தமிழ் நாளிதழை வகுப்புக்கு எடுத்துப் போய், ஒரு மாணவனை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். "சார், தணிக்கைன்னா என்ன?" என்று கேட்டான். "எத்தனை மடங்கு ஏறியிருக்கு, சொல்லுங்க" என்றேன். வகுப்பே மௌனம். சுமார் 15 மடங்கு!

செலவு ஏன் இப்படி ஏறுகிறது? போட்டி நடத்தும் உரிமை 2003 நவம்பரிலேயே கிடைத்துவிட்டது. ஏழு ஆண்டு அவகாசத்தில் பெரும்பகுதி வீணானது. தொடக்க விழாத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. கடைசி நேர அவசரத்தில் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுக்குக் கட்டிய நேரு ஸ்டேடியத்தையே பெரும் செலவில் புதுப்பித்தார்கள். தாழ்த்தப்பட்டோர் நலனுக்கான நிதியில் பல நூறு கோடி விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பப்பட்டதை, 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே ஒப்புக்கொண்டார்.

அதே 2010 ஏப்ரல் 1-இல்தான் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறக் குழந்தைகளிடம் 'பிரதம்' அமைப்பு நடத்தும் 'அசர்' ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2010-இல் பாதிக்குச் சற்று மேல். 2012-இல் பாதிக்கும் கீழே. விளையாட்டால்தான் வாசிப்பு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. 38 தங்கம் உள்பட 101 பதக்கம் வென்றபோது நானும்தான் கை தட்டினேன். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை நாளைக்கு எந்தக் கணக்கைத்தான் கேட்கும்?

குற்றம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. தேர்வுக்கு நோட்ஸ் சொல்லிக் கொடுத்தே 30 வருஷம் ஓட்டினேன். மூல அறிக்கை ஒன்றை முழுசாக வாசிக்க வைத்ததே இல்லை. மதிப்பெண் வந்தது, வாசிப்பு வரவில்லை.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. நடக்கட்டும், மகிழ்ச்சிதான். மாணவத் தம்பி, தங்கைகளே, அதன் கணக்கும் ஒருநாள் வெளிவரும். அதை நீங்களே வாசித்துக் கேள்வி கேளுங்கள். சங்க நண்பர்களே, விளையாட்டுக் கோப்பைக்கு நன்கொடை தரும்போது, நூலகத்தில் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளோடு நாளிதழ் வாசிக்கவும் யாராவது முன்வாருங்கள். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.