நாக்கிடம் கேட்ட கேள்விகள்: பீர் மதிப்பீட்டு முறையின் வரலாறு

பீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. ஒரு பீர் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த வகைக்கு வகுத்த இலக்கணப்படி மதிப்பெண் இடும் வழக்கமோ சுமார் ஐம்பது ஆண்டு வயதே ஆனது. இடைக்கால இங்கிலாந்தில் பீரைச் சுவைத்த அதிகாரிக்கு, 'இதை விற்க விடலாமா?' என்பதே கேள்வி. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய ஆலை, 'நேற்று வடித்ததும் இன்று வடித்ததும் ஒன்றுதானா?' என்று கேட்டது. 1970களுக்குப் பின் வந்த போட்டி நடுவர், 'தன் வகைக்கு இது பொருந்துகிறதா?' என்று பார்த்தார். இணையத்தில் புள்ளி இடும் குடிமகன், 'எனக்குப் பிடித்ததா?' என்பதோடு நிறுத்திக்கொண்டார். கேள்வி மாறியபோதெல்லாம் மதிப்பிடும் முறை மாறியது. சில வேளை பீரே மாறியது.

விற்கத் தகுமா?

இங்கிலாந்தில் 1266–67 காலத்தில் வந்த ரொட்டி, ஏல் விலைச் சட்டம் தானிய விலையோடு ஏல் எனும் பீரின் விலையைப் பிணைத்தது. அதை ஊர்தோறும் நடைமுறைப்படுத்தியவர்கள் 'ஏல்-கானர்' எனப்பட்ட சுவைப்பாளர்கள். வீட்டில் ஏல் வடித்தவர் வாசலில் கம்பு ஒன்றை நட்டு அறிவிக்க, சுவைப்பாளர் வந்து பருகிப்பார்ப்பார். அவர் ஒப்புக்கொண்ட பிறகே விற்பனை. அக்காலத்து ஏலில் ஹாப்ஸ் பூ சேராது. ஆகவே சில நாளிலேயே புளித்துப்போகும். நாள் கடந்தால் தீர்ப்புக்குப் பொருளில்லை என்பதால் சுவைப்பாளர் அன்றன்றே வந்தாக வேண்டியிருந்தது.

வடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மன்றப் பதிவேடுகளில் அவர்கள் பெயர்கள் அபராதப் பட்டியலாகவே வருகின்றன. ஒரே பெயர் மறுபடி மறுபடி வருவதைப் பார்த்தால், இந்த அபராதம் பல இடங்களில் தண்டனையாக இல்லாமல் உரிமக் கட்டணம் போல வசூலிக்கப்பட்டது புரியும். நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் 1556இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இந்தப் பதவியில் அமர்ந்தார். சுவைப்பாளர் தோல் காற்சட்டை அணிந்து, பெஞ்சில் ஊற்றிய ஏலின்மேல் அரைமணி உட்கார்ந்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அக்காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை. பிற்காலத்தவர் கட்டிய கதையாகவே கொள்ள வேண்டும்.

பவேரியாவில் 1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட்டில் பிறப்பித்த ஆணை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்ற மூன்று பொருள்களுக்காக நினைவுகூரப்படுகிறது. அதன் வரிகளில் பெரும்பகுதி விலையைப் பற்றியது: குளிர்காலத்தில் ஒரு மாஸ் அளவுக்கு ஒரு பெனிங், கோடையில் இரண்டு. தரமும் விலையும் ஒரே ஆணையில் அடங்கியிருந்தன. மூலப்பொருள் சரியாக இருந்தால் பீரும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை இதற்குள் இருந்தது. அது எப்போதும் பலிக்கவில்லை.

பொகீமியாவின் பில்சன் நகரத்தில் 1838இல் குடிக்கத் தகாதது என்று தள்ளிய 36 பீப்பாய் பீரை நகர மண்டபத்தின் முன் வீதியில் கொட்டினார்கள். பீர் வரலாற்றில் இதைவிட வெளிப்படையான தீர்ப்பு குறைவு. அதன் பயனாக, வடிக்கும் உரிமை பெற்ற நகரத்தார் கூடிப் புதிய ஆலை கட்டினர். பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தனர். 1842 அக்டோபர் 5 அன்று அவர் வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஊரின் மென்னீர், சாட்ஸ் ஹாப்ஸ், அடிப்பகுதியில் படியும் ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு வடித்த பொன்னிறப் பீர்தான் பில்ஸ்னர். இன்று உலகில் விற்கும் பீரில் பெரும்பகுதி அதன் வழிவந்தது.

எண்ணாக மாறிய சுவை

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் எனும் கரும்பழுப்புப் பீர் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கான பீப்பாய் வடித்த ஆலைகளுக்கு ஒரு நாக்கின் நினைவை நம்பி ஓட்ட முடியவில்லை. ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் வெளியிட்ட நூல், ஹைட்ரோமீட்டரைக் கொண்டு மால்ட் ஊறல்நீரின் இனிப்பு அடர்த்தியை அளக்கும் வழியைப் பரப்பியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார். பெரிய ஆலைக்காரர்கள் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை.

இக்கருவி வெளிக்கொணர்ந்த உண்மை ஆலைக்காரர்களைத் திடுக்கிடச் செய்தது. விறகு நெருப்பில் வாட்டிய பழுப்பு மால்ட் மலிவாக இருந்தாலும், சர்க்கரை தருவதில் மிகப் பின்தங்கியது. விலை கூடிய வெளிர் மால்ட்டே கணக்குப்படி இலாபம். ஆலைகள் அதற்கு மாறின. மாறியதும் போர்ட்டரின் கருமை குன்றியது. வாங்குவோர் கருமையையே எதிர்பார்த்ததால் எரித்த சர்க்கரை முதலிய சாயங்கள் புகுந்தன. 1816இல் சட்டம் அவற்றைத் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறிதளவு கருமால்ட் சேர்த்தால் நிறம் வந்துவிடும். அதோடு காப்பியை ஒத்த கருகல் மணமும் வந்தது. போர்ட்டர், அதன் உறவான ஸ்டவுட் என்றதும் இன்றைய நடுவர் முதலில் தேடும் அந்த மணம், அளவுகோல் ஒன்று தொழிலுக்குள் நுழைந்ததால் பிறந்தது என்பதைப் பீர் வரலாறு போதிய அளவு வலியுறுத்தவில்லை.

நிறத்துக்கும் எண் வந்தது. பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் லவிபாண்ட், 1880களில் நிறக் கண்ணாடிச் சில்லுகளோடு ஒப்பிட்டு நிறத்தை அளக்கும் கருவியைச் செய்தார். மால்ட்டின் நிறத்தை 'டிகிரி லவிபாண்ட்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கசப்புக்கான எண் இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

எண்ணுக்கு எட்டாத சோதனையும் உண்டு. லண்டனின் பௌ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகர ஆலைகளும், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு வெளிர் ஏல் அனுப்பின. ஹாப்ஸ் மிகுத்துப் போட்ட அந்த ஏல் மாதக்கணக்கில் வெப்பக்கடலில் ஆடி, கல்கத்தாவிலும் சென்னையிலும் இறங்கும்போது நன்கு பக்குவப்பட்டிருந்தது. சந்தை ஏற்றதே தரம் என்று ஆனது. பின்னர் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் பெற்ற வகையின் தொடக்கம் இது.

நேற்றையதும் இன்றையதும்

பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி வெளியிட்ட ஆய்வும், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்ட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே பீரை வடிப்பதை இயலக்கூடியதாக்கின. ஒரே மாதிரி இருக்கிறதா என்று உறுதி செய்வது அடுத்த சிக்கல். டப்ளின் கின்னஸ் ஆலையில் 1899இல் சேர்ந்த வில்லியம் கோசெட், குறைந்த மாதிரிகளிலிருந்து நம்பகமான முடிவுக்கு வருவது எப்படி என்ற கேள்வியோடு மல்லாடினார். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் அவர் எழுதிய கட்டுரையே புள்ளியியல் மாணவர் யாவரும் படிக்கும் டி-சோதனைக்கு மூலம். பீர் ஆலை புள்ளியியலுக்குக் கொடுத்த கொடை அது.

சுவைப்பவரையே சோதிக்கும் முறை கார்ல்ஸ்பெர்க்கில் உருவாகி 1946இல் ஹெல்ம், ட்ரொல்ல ஆகியோரின் கட்டுரையாக வெளிவந்தது. முக்கோணச் சோதனை என்பது அதன் பெயர். சுவைப்பவர் முன் மூன்று கிண்ணம். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. கிண்ணங்களில் குறியெண் தவிர வேறு அடையாளம் இல்லை. நிறத்தைப் பார்த்து ஊகிக்காதபடி கருநிறக் கண்ணாடியோ சிவப்பு விளக்கோ பயன்படும். எது தனித்தது என்று மட்டும் சொன்னால் போதும். எது நல்லது என்று சொல்லத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆகவே பலமுறை நடத்தி, தற்செயலைத் தாண்டிச் சரியாகச் சொல்பவரை மட்டும் குழுவில் சேர்த்தார்கள். ரசனையை முற்றாக விலக்கிவிட்டு, நாக்கைக் கருவியாக நடத்திய முதல் முறைகளில் இது ஒன்று.

வேறுபாடு தெரிந்தால் மட்டும் போதாது. அதற்குப் பெயரும் வேண்டும். ஒருவர் 'புல்வாடை' என்பதை இன்னொருவர் 'வைக்கோல்' என்றார். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கக் கண்டத்து ஆலைகளில் பணியாற்றிய மோர்டன் மில்கார்டும் அவருடைய கூட்டாளிகளும் 1979இல் வெளியிட்ட சுவைச்சொல் அமைப்பு, 14 பிரிவுகளில் 122 தனிச் சுவை மணங்களை வரையறுத்தது. அதைச் சக்கர வடிவில் வரைந்தது உலகெங்கும் ஆலைச் சுவர்களில் தொங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் இயன்றவரை ஒரு வேதிப்பொருள் சான்றாக நின்றது: வெண்ணெய் மணத்துக்கு டைஅசிட்டைல், வாழைப்பழத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட், பழசாகிப்போன பீரின் அட்டைவாடைக்கு டிரான்ஸ்-2-நோனினால். பயிற்சி பெறுவோருக்கு அப்பொருளைத் துளித்துளியாகப் பீரில் கலந்து கொடுத்துப் பழக்குவார்கள்.

சக்கரம் எது குறை, எது நிறை என்று சொல்லவில்லை. பவேரியக் கோதுமைப் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பதே சிறப்பு. அதே மணம் பில்ஸ்னரில் எழுந்தால் ஆலையில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். பில்ஸ்னர் சேர்ந்த குடும்பமான லாகரிலும் இப்படித்தான்: செக் நாட்டு லாகரில் மெல்லிய வெண்ணெய்ச் சாயல் பொறுக்கப்படும். ஜெர்மன் லாகரில் பொறுக்கப்படாது. ஜெர்மன் வேளாண் கழகம் தன் பரிசோதனையில் மணம், சுவைத் தூய்மை, நிறைவு, துடிப்பு, கசப்பின் தரம் எனப் பிரித்து ஐந்து புள்ளி அளவில் குறை தேடும் முறையை வைத்திருந்தது. வகைகள் வரையறுத்த சிறு எண்ணிக்கையில் நின்ற நாட்டுக்கு அது போதுமானது. பல நாட்டுப் பீர்களை ஒரே மேசையில் வைத்தவர்களுக்கு முதலில் வகைப்பாடு தேவைப்பட்டது.

வகையின் இலக்கணம்

அந்த வகைப்பாட்டை ஆய்வகம் தரவில்லை. ஒரு பத்திரிகையாளர் தந்தார். இங்கிலாந்தின் மைக்கேல் ஜாக்சன் (1942–2007) 1977இல் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டி நூல், அதுவரை ஊர்ப்பெயராலும் விலையாலும் அறியப்பட்ட பீர்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கியது. பெல்ஜியத்தின் துறவிமடப் பீர்களையும் காட்டு ஈஸ்ட்டில் புளிக்கும் லாம்பிக்கையும் அந்நாட்டுக்கு வெளியே பலர் முதலில் அறிந்தது இந்நூலால். ஜாக்சன் வரைந்தது ஒரு பயண வரைபடம். அடுத்த தலைமுறை அதைச் சட்டநூலாக வாசித்தது.

அமெரிக்காவில் 1978இல் வீட்டில் பீர் வடிப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதி தந்தது. அதே ஆண்டு கொலராடோவின் போல்டரில் சார்லி பபாசியன் முதலானோர் வீட்டுப்பீர்ச் சங்கம் தொடங்கினர். போட்டிகள் பெருகப் பெருக, நடுவருக்கு ஒத்த பயிற்சி தேவைப்பட்டது. 1985இல் அமைந்த பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் தேர்வு வைத்து நடுவர்களைத் தரப்படுத்தியது. 1997இலிருந்து வகை வழிகாட்டியும் வெளியிட்டது. திட்டத்தின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளி: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே புள்ளி தந்தது தெளிவான முடிவு. கண் எளிதில் ஏமாறும். ஊற்றியவுடன் முதலில் முகர்வார்கள், ஏனெனில் பறந்துபோகும் மணம் சில நிமிடமே நிற்கும். திராட்சை மது நடுவர்களைப் போலத் துப்பாமல் பெரும்பாலும் விழுங்குவார்கள். கசப்பு தங்கும் நேரமும் மதிப்பீட்டில் சேரும். இடையில் தண்ணீர், வெறும் ரொட்டி. 1982இல் தொடங்கிய அமெரிக்கப் பெரும் பீர் விழா முதலில் பார்வையாளர் வாக்கால் பரிசு கொடுத்தது. 1987இல் பெயர் மறைத்துச் சுவைக்கும் நடுவர் குழுவுக்கு மாறியது.

வகைப் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இலங்கையின் லயன் ஸ்டவுட் நல்ல உதாரணம். நுவரெலியாவின் குளிரில் பிரிட்டிஷார் காலத்தில் வேரூன்றிய ஆலையின் மரபில் வந்த இந்தக் கரும்பீரை ஜாக்சன் வியந்து எழுதி உலகறியச் செய்தார். இதற்கும் கரீபியத் தீவுகளின் இனிப்புக் கரும்பீர்களுக்கும் இடமாக 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்ற தனி வகையை நடுவர் திட்டம் 2015இல் பிரித்துக் கொடுத்து, லயனை எடுத்துக்காட்டுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வகையின் ஆல்கஹால் அளவு 5.5 முதல் 8 சதவீதம் என்று வகுத்தார்கள். லயன் ஸ்டவுட்டின் சீட்டில் இருப்பதோ 8.8. எடுத்துக்காட்டே இலக்கணத்தை மீறுகிறது. வகை என்பது பீருக்குப் பிந்திய கட்டுமானம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பழுப்பு மால்ட்டில் வடித்த பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்ட்டரை இன்றைய போட்டியில் வைத்தால், 'போர்ட்டர்' பிரிவில் தேறுமா என்பது ஐயமே.

பிடித்ததா?

1996இல் பீர் அட்வகேட், 2000இல் ரேட்பீர் ஆகிய இணையத்தளங்கள் தோன்றி, குடித்தவர் எவரும் மதிப்பெண் எழுதும் வசதியைத் தந்தன. பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளெடரன் மடத்தின் 12ஆம் எண் பீர் 2005இல் ரேட்பீரில் உலகின் சிறந்ததாக அறிவிக்கப்பட்டதும், அளவாக மட்டும் வடிக்கும் துறவிகளின் வாசலில் கார் வரிசை நீண்டது. 2010இல் வந்த அன்டாப்ட் செயலி இந்த மதிப்பெண் வழக்கத்தைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. இப்பட்டியல்களில் ஒரு சாய்வு எளிதில் தெரியும்: செறிவும் கருமையும் ஆல்கஹாலும் மிகுந்த ஸ்டவுட்டுகள் மேலே குவியும், குறையில்லாத எளிய லாகர் அடியில் கிடக்கும். சிறு மடக்குகளில் பல பீர் பருகுவோருக்கு உரத்த குரலே கேட்கும்.

ஆயினும் இந்தப் பொதுவாக்கு நடுவர்களையும் அசைத்தது. வெர்மான்டில் அல்கெமிஸ்ட் ஆலை வடித்த ஹெடி டாப்பர், கலங்கலாக, பழரசம்போல மணக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்). கசப்பு ஐபிஏயின் பழைய அளவுகோலில் கலங்கல் ஒரு குறை. குடித்தவர்கள் அதை இணையப் பட்டியலின் உச்சியில் ஏற்றினார்கள்; பிற ஆலைகள் பின்பற்றின. 2018இல் அமெரிக்க ஆலையாளர் சங்கம் கலங்கல் ஐபிஏவுக்குப் போட்டிப் பிரிவு வகுத்தது. நடுவர் திட்டம் 2021 பதிப்பில் முழு வகையாகச் சேர்த்தது. முன்பு புள்ளி குறைக்கக் காரணமான கலங்கல், அந்தப் பிரிவில் இப்போது எதிர்பார்க்கப்படும் தோற்றம்.

மக்கள் மதிப்பெண்ணின் காப்பகமோ நிலையாக நிற்கவில்லை. உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ், தன் முதலீட்டுப் பிரிவு வழியாக ரேட்பீரில் முதலில் பங்கு வாங்கிப் பின்னர் 2019இல் முழுமையாக எடுத்துக்கொண்டது. மதிப்பிடப்படும் பீரை வடிப்பவரே மதிப்பிடும் தளத்தின் உரிமையாளரானதைப் பல சிற்றாலைகள் எதிர்த்தன. சில, தம் பீர்களைத் தளத்திலிருந்து நீக்கக் கோரின. 2025 பிப்ரவரி 1 அன்று தளம் மூடப்பட்டது.