நெஞ்செரிச்சலும் வாழ்க்கைமுறை மாற்றங்களும்: ஒரு வரலாறு

இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவது அமில எதுக்களிப்பு எனப்படும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டையில் புளிப்பு நீர் ஏறுதல் ஆகியன இதன் முக்கிய அறிகுறிகள். இதற்குக் கூறப்படும் அன்றாட அறிவுரைகள் கடந்த நூறாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. எந்த உணவு அமிலத்தை அடக்கும் என்பதே தொடக்கத்தில் கேள்வியாக இருந்தது. அமிலம் ஏன் மேலேறுகிறது என்ற கேள்வி பின்னரே எழுந்தது.

அமிலம் அறியப்படுதல்

இரைப்பை நீரில் ஐதரோகுளோரிக் அமிலம் உள்ளதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் 1823-இல் எடுத்துரைத்தார். அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் ஆறாத துளை ஏற்பட்டிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பையை நேரடியாக ஆராய்ந்து, 1833-இல் நூலாக வெளியிட்டார்.

பால் உணவு முறை

சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி 1915-இல் இரைப்பைப் புண்ணுக்கு ஓர் உணவு முறையை வகுத்தார். நோயாளிகளுக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப் பொடிகளும் கொடுக்கப்பட்டன. இம்முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆனால், பாலையும் காரத்தையும் மிகுதியாக உட்கொண்ட சிலருக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பால் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்பதை 1976-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பால் எரிச்சலைச் சிறிது நேரம் தணிப்பதால், அது தீர்வு என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் உள்ளது.

சுருக்குத்தசையின் பங்கு

நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கல்ஸ்டீன் 1935-இல், உணவுக்குழாய் அழற்சிக்கு இரைப்பை நீரே காரணமாகலாம் என்று எழுதினார். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பிலிப் ஆலிசன், உதரவிதானத் துளை வழியே இரைப்பை மேலேறும் குடலிறக்கத்துடன் எதுக்களிப்பை 1951-இல் தொடர்புபடுத்தினார். உணவுக்குழாயின் கீழ்முனையில் அழுத்தம் மிகுந்த பகுதி இருப்பதை 1956-இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். அங்குள்ள சுருக்குத்தசை தளரும்போது அமிலம் மேலேறுகிறது.

இதன்பின் அறிவுரையின் போக்கு மாறியது. வயிறு நிரம்பினால், தொப்பை அழுத்தினால், உண்டவுடன் படுத்தால் அமிலம் எளிதில் மேலேறும். எனவே உணவின் வகையோடு அதன் அளவும் நேரமும், உடல் எடையும், படுக்கும் நிலையும் கவனம் பெற்றன.

1976-இல் பிரித்தானியாவில் அறிமுகமான சிமெட்டிடின், 1980-களின் இறுதியில் வந்த ஒமிப்ரசோல் ஆகியவை சிகிச்சையை எளிதாக்கின. எனினும் இவை அமிலச் சுரப்பைக் குறைக்குமேயன்றி, தளர்ந்த சுருக்குத்தசையைச் சீராக்குவதில்லை.

சான்றுள்ள மாற்றங்கள்

பழைய அறிவுரைகளை மறுஆய்வு செய்த ஒரு கட்டுரை 2006-இல் வெளியானது. எடைக் குறைப்பு, படுக்கையின் தலைமாட்டை உயர்த்துதல் ஆகியவற்றின் பயனுக்குச் சான்று உள்ளதாக அது கூறியது. அமெரிக்கச் செவிலியர்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2021-இல் வெளியானது. சரியான எடை, புகைக்காமை, நாளுக்கு 30 நிமிட உடற்பயிற்சி, காப்பி, தேநீர், சோடா ஆகியன இரண்டு கோப்பைக்கு மிகாமை, நல்ல உணவுமுறை ஆகிய ஐந்தும் சேர்ந்தால் சுமார் 37% அறிகுறிகளைத் தவிர்க்கலாம் என அது மதிப்பிட்டது.

நடைமுறையில் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன:

- இரவு உணவை உறங்குவதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பே முடித்தல்.
- கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டைகள் வைத்தல். தலையணைகளை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும்.
- இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தல்.
- காரம், எண்ணெய்ப் பலகாரம், காப்பி போன்றவற்றில் தமக்கு ஒவ்வாததை மட்டும் கண்டறிந்து குறைத்தல்.

விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடையிழப்பு, இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.