அழகன்குளத்துச் சாடியும் கம்பத்துத் திராட்சையும்

வைகை எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் பலர் ராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். தப்பில்லை. வருகிற தண்ணீரில் பெரும்பங்கை அந்தக் கண்மாயே குடித்துவிடுகிறது. அதையும் மீறி மிஞ்சினால் ஆற்றங்கரை என்கிற ஊரில் கடலைத் தொடும். அதற்குப் பக்கத்து ஊர்தான் அழகன்குளம். ஏர்வாடிக்காரர்களுக்குத் தெரிந்த ஊர்தான். ஆனால் அங்கே மண்ணுக்குள் என்ன கிடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1986-87இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே குழி தோண்ட ஆரம்பித்தது. அப்புறம் விட்டுவிட்டுப் பல முறை. கடைசியாக 2016-17இல் பெரிய அளவில். தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், ரோமானியக் காசுகள், கப்பல் படம் கீறிய ஓடு... இவற்றோடு ஆம்போரா எனப்படும் சாடிகளின் உடைசல்களும் வந்தன. இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, கூர்மையான அடி. தரையில் நிற்காது, கப்பலின் அடித்தளத்தில் சாய்த்து அடுக்குவதற்கென்றே அந்த வடிவம். ரோமானியர்களின் கணக்கில் ஒரு ஆம்போரா என்பது சுமார் 26 லிட்டர். உள்ளே எண்ணெய் இருக்கலாம், மீன் சாறு இருக்கலாம். ஆனால் இந்தியாவுக்கு வந்தவற்றில் முக்கியமானது ஒயின். சாடியின் உள்சுவரில் கசியாமலிருக்கப் பைன் மரப் பிசின் பூசியிருப்பார்கள். ஆக அன்றைக்குப் பாண்டிய நாட்டில் யவனர் ஒயினைக் குடித்தவர் வாயில் திராட்சையோடு கொஞ்சம் பிசின் வாசமும் அடித்திருக்கும்!

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர்கள் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமான தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட நீ மகிழ்ந்திரு என்கிறார். தேறலை வாசனையை வைத்துப் புகழ்கிறார் பாருங்கள். ஒயினை மூக்கால் ருசிப்பது பிரெஞ்சுக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று இனி யாராவது சொன்னால் நக்கீரரைக் காட்டுங்கள் :-)

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் ரோமானியச் சாடி என்று எண்ணி எடுத்து வைத்த ஓடுகளில் கணிசமானவை உண்மையில் மெசபடோமியாப் பக்கத்திலிருந்து வந்தவை என்று ராபர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர் 2007இல் எழுதினார். அவற்றின் உட்புறம் தார் போன்ற கறுப்புப் பூச்சு இருக்கும். நம் பாடநூல்கள் 'ரோம், ரோம்' என்றே அடித்துப் பேசுவதால் இதைச் சொல்கிறேன். எங்கிருந்து வந்தாலும், எங்கள் கரையில் முத்து இருந்தது. வந்தவர்களிடம் ஒயின் இருந்தது.

இனி பிரான்சுக்குப் போவோம். தாண்டிக் குதிக்கவில்லை, காரணம் இருக்கிறது. அன்றைய பிரான்சும் நம்மைப் போல ஒயினை வாங்கிக் குடித்த நாடுதான். அதன் பெயர் அப்போது கால். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் இன்றைய மார்சேயில் குடியேறித் திராட்சையைக் கொண்டுவந்தார்கள். பிறகு இத்தாலிய வணிகர்கள் கப்பல் கப்பலாகச் சாடிகளை இறக்கினார்கள். ஒரு சாடி ஒயினுக்கு ஒரு அடிமையையே கொடுத்துவிடுவார்கள் என்று டியோடோரஸ் எழுதி வைத்திருக்கிறார். நாம் முத்து கொடுத்தோம், அவர்கள் மனிதனைக் கொடுத்தார்கள்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். கால்காரர்கள் தாங்களே கொடியை நட்டார்கள். நன்றாகவே நட்டிருக்க வேண்டும், கி.பி. 92இல் ரோமப் பேரரசர் டொமிஷியன், மாகாணங்களில் உள்ள திராட்சைக் கொடிகளில் பாதியைப் பிடுங்கச் சொல்லி ஆணை போட்டார். நம் கரையில் யாரும் கொடி நடவில்லை. நட வேண்டிய அவசியமும் இல்லை, பனை இருந்தது.

அப்புறம் ஆயிரம் வருஷத்துக்குப் பிரான்சில் திராட்சையைக் காப்பாற்றியதில் மடங்களுக்குப் பெரிய பங்கு. பூசைக்கு ஒயின் வேண்டுமே. 1098இல் தொடங்கிய சிதோ மடத்துத் துறவிகள் பர்கண்டியில் நிலத்தைத் துண்டு துண்டாகக் கவனித்து, இந்த மேட்டில் விளைவது வேறு ருசி, அந்தப் பள்ளத்தில் விளைவது வேறு ருசி என்று பிரித்தார்கள். அவர்கள் சுற்றுச்சுவர் கட்டிய க்ளோ த வூஷோ தோட்டம் இன்றும் இருக்கிறது. புரட்சி வந்ததும் 1791இல் அரசு அதைப் பறித்து விற்றது. 1804இல் நெப்போலியன் சட்டம், சொத்து பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிய வேண்டும் என்றது. ஒரே கையில் இருந்த அந்தத் தோட்டத்தை 1889இல் வாரிசுகள் விற்க, வாங்கியவர்களின் பிள்ளைகள் மறுபடி பங்கு பிரிக்க, இப்போது சுமார் 50 ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 80 சொந்தக்காரர்கள். சிலருக்கு நாலைந்து வரிசைக் கொடிகள்தான். பனைமரத்தை எண்ணிப் பங்கு போடுகிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

'பரம்பரைத் தோட்டம்' என்றதும் கோட்டை மாதிரி ஒரு மாளிகை, அதில் ஒரு பிரபு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் உண்டு. அல்சாஸில் ஹ்யூகெல் குடும்பம் 1639 முதல் ஒயின் செய்கிறது. 13 தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் கையில் மண் ஒட்டிய சம்சாரிகள். அவர்களை அழிக்கவே வந்தது போல 1863இல் தெற்குப் பிரான்சில் ஒரு பூச்சி தென்பட்டது. பெயர் ஃபைலோக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். 1875இல் ஏறத்தாழ 84 கோடிக்கும் மேல்... இல்லை இல்லை, நம் கணக்கில் சொன்னால் 840 கோடி லிட்டர் ஒயின் செய்த நாடு, 1889இல் 240 கோடி லிட்டர்கூடச் செய்யவில்லை. கடைசியில் மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பூச்சி தொட்டாலும் சாகாத அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்றைக்கு 'சுத்தமான பிரெஞ்சு மண்ணின் ருசி' என்று பேசப்படும் ஒயின்களில் பெரும்பாலானவை அமெரிக்க வேரில் நிற்பவை. என்னைக் கேட்டால் உலகத்தின் மிக அழகான கலப்பு இதுதான்.

ஒட்டுக் கட்டி முடிப்பதற்குள் சந்தையை வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, சர்க்கரை கலந்து 'ஒயின்' செய்தார்கள். தோட்டங்கள் மீண்டு வந்தபோது அசலுக்கு விலை இல்லை. 1907 மார்ச்சில் அர்ழெலியே என்ற கிராமத்தில் மார்செலின் ஆல்பேர் என்பவர் 87 பேரைத் திரட்டிக்கொண்டு நர்போன் நகரத்துக்கு நடந்தார். அவர் ஒரு டீக்கடைக்காரர் மாதிரி, காபிக்கடை வைத்திருந்தவர். கொஞ்சம் கொடியும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9ஆம் தேதி மொன்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடினார்கள். நர்போனில் ராணுவம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே நிறைந்திருந்த 17ஆம் காலாட்படை, எங்கள் அப்பன் அண்ணனை நாங்கள் சுடமாட்டோம் என்று கலகம் செய்தது.

ஆல்பேர் பாரீசுக்குப் போய்ப் பிரதமர் கிளெமான்சோவைத் தனியாகச் சந்தித்தார். கிளெமான்சோ பேசி அனுப்பும்போது ரயில் செலவுக்கென்று ஒரு நூறு பிராங்க் நோட்டை நீட்டினார். இவர் வெள்ளந்தியாக வாங்கிக்கொண்டார். செய்தி பத்திரிகைக்குப் போனது, 'விலை போய்விட்டான்' என்று சொந்த ஊரே திரும்பிக்கொண்டது. அரசியல் எப்படி நடக்கிறது என்பதற்கு இந்த ஒரு நோட்டு போதாதா? ஆனாலும் அதே மாதம் கலப்பட ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. அடுத்தடுத்த போராட்டங்களுக்குப் பிறகு 1935இல் இன்னும் பெரிய சட்டம். எந்த ஊரின் பெயரைப் போத்தலில் போட வேண்டுமானாலும் அந்த ஊர் எல்லைக்குள், அனுமதித்த ரகத்தில், வரையறுத்த அளவில் விளைந்திருக்க வேண்டும். ஊர்ப் பெயர் என்பது அந்த ஊர்க்காரர்களின் கூட்டுச் சொத்து ஆனது.

நாக்கு இதற்கெல்லாம் கட்டுப்படுமா என்பது வேறு கேள்வி. 1976இல் பாரீசில் பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தபோது, பிரெஞ்சு நிபுணர்களே கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள்! ருசியில் தோற்றாலும் ஊர்ப் பெயருக்கு மதிப்பு குறையவில்லை. மனிதன் குடிப்பது கதையையும் சேர்த்துத்தான் போல.

சரி, இப்போது வைகையின் மறு முனைக்கு வாருங்கள். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே ஓடும் முல்லையாறு தேனிப் பக்கம் வைகையில் சேர்கிறது. 1895இல் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பிய பூமி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று போனால் தலைக்கு மேலே கல்தூண் பந்தல், பந்தலில் கறுநீலக் குலைகள். பன்னீர் திராட்சை. பிரான்சில் வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்கே கொடியை வெட்டி விடுவதைத் தள்ளித் தள்ளி வைத்து வருஷம் முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் நாம் வாங்கித் தின்பது பெரும்பாலும் இதுதான். ஒயினை நான் தொட்டதில்லை (தர்கா ஊர்க்காரன் இப்படி ஒரு கட்டுரை எழுதுவதே அதிகம்!). அதனால் என் ருசி அனுபவம் எல்லாம் இந்தப் பழத்தோடு சரி.

'பன்னீர்' என்ற பெயரைக் கவனியுங்கள். இது மஸ்கட் இனம். ரோஜாவுக்கு வாசம் தருகிற ஜெரானியால் போன்ற பொருள்கள் இந்த இனத்துப் பழத்திலும் உண்டு. பாரீசு நிபுணர் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து 'ரோஜா வாசம்' என்று குறிப்பு எழுதுவார். நம் விவசாயி அதையே பழத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்.

யார் கொண்டுவந்தது? '1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்' என்று எங்கும் எழுதுகிறார்கள். பாதிரியார் என்பதில் பொருத்தம் உண்டு. பூசைக்குத் திராட்சை ஒயின்தான் ஆக வேண்டும், வேறு எதுவும் செல்லாது. பாண்டிச்சேரியை மையமாக வைத்துப் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் அப்போது இங்கே வேலை செய்தார்கள். ஆனால் ஆண்டு இடிக்கிறது. கம்பத்தில் விளையும் ரகம் மஸ்கட் ஹாம்பர்க். அது இங்கிலாந்தில் ஸ்நோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் உருவாக்கிய ரகம். ஆகவே 1832இல் ஒருவர் கொடி கொண்டுவந்திருந்தால் அது வேறு ஏதோ திராட்சை. இன்று நாம் தின்பது பிறகு வந்து சேர்ந்தது. அதன் பெற்றோரில் ஒன்று, லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்டு இன்றும் காய்க்கிற புகழ்பெற்ற கொடியின் ரகம். சுருளிப்பட்டிப் பழத்துக்கு அரண்மனையில் சொந்தம்!

என்னை உறுத்துவது ஆண்டுக் குழப்பம்கூட இல்லை. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலியத் தட்டுகளின் அடியில் குயவர் முத்திரை இருந்தது. விபியே, கமுரி, இட்டா என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தட்டுக்காரர்களின் பெயரைச் சொல்ல முடிகிறது. ஹ்யூகெல் வீட்டில் 13 தலைமுறையைச் சொல்ல முடிகிறது. கம்பத்தில் முதல் பந்தல் போட்ட சம்சாரி யார்? கதையில் அந்தப் பாதிரியாராவது 'ஒரு பாதிரியார்' என்று வருகிறார். பந்தல் போட்டவர் வரவே இல்லை.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் இதை நம் ஊர்ப் பெருமையாக மட்டும் பார்க்கிறார்கள். அதன் வேர் 1907இல் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் காக்கும் பிரெஞ்சு ஏற்பாட்டையே ஐரோப்பியர்கள் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோனார்கள். 1995இல் அது உலக ஒப்பந்தம் ஆனது. அதற்கு இணங்க இந்தியா 1999இல் சட்டம் போட்டு 2003இல் அமலாக்கியது. முதல் குறியீடு 2004இல் தார்ஜிலிங் தேயிலைக்கு. அந்த ஒப்பந்தத்தில் ஒயினுக்கும் மதுவுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு உண்டு, தேயிலைக்கோ மிளகாய்க்கோ கிடையாது. இந்தியா கேட்டும் இதுவரை மாறவில்லை. யாருக்காக எழுதிய சட்டம் என்பது இதிலேயே தெரிகிறதல்லவா?

சட்டம் மட்டும் போதாது என்பதையும் பிரான்சே காட்டுகிறது. குடிப்பவர்கள் குறைந்து ஒயின் தேங்கியதால், 2023இல் அதை வாங்கி வேறு உபயோகத்துக்கு வடித்தெடுக்க 20 கோடி யூரோ ஒதுக்கினார்கள். போர்தோவில் காசு கொடுத்துக் கொடியைப் பிடுங்கச் சொன்னார்கள். டொமிஷியன் ஆணை போட்டுச் செய்ததை இப்போது மானியம் கொடுத்துச் செய்கிறார்கள்.

எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே 2023இல் குறியீடு வந்தது. இந்தியச் சட்டப்படி குறியீடு ஒரு சங்கத்தின் பெயரில் பதிவானாலும், அதைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு விவசாயியும் தன் பெயரைத் தனியாகப் பதிந்துகொள்ளலாம். விண்ணப்பம், கட்டணம், பதிவேட்டில் ஒரு வரி. கம்பத்தில் பந்தல் வைத்திருப்பவர்களும் இங்கே மிளகாய் காயப்போடுகிறவர்களும் அந்தப் பதிவேட்டில் ஏறினால், 'ஒரு விவசாயி' என்றில்லாமல் அப்பா பெயர், ஊர் பெயரோடு எழுத்தில் இருப்பார்கள்.