எரியாத கரி

சிலாங்கூரின் மின்சார வரலாறு பெருமளவு கரியின் வரலாறாகவே இருந்திருக்கிறது. மலாய் மொழியில் நிலக்கரி என்றே பொருள்படும் பத்து ஆராங் என்னும் ஊரில் 1915இல் தொடங்கிய சுரங்கம், ரயிலுக்கும் மின்நிலையங்களுக்கும் கரி ஈந்து, எண்ணெயின் போட்டியைத் தாங்க மாட்டாமல் 1960இல் மூடப்பட்டது. பின்னர்க் காப்பார்க் கடற்கரையில் எழுந்து 2,420 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம், கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டுக் கரியை எரித்தது. எரியாமலேயே மின்சாரத்துக்கு உதவும் கரியின் வரலாறோ, 1991இல் பிரையன் ஓ'ரீகனும் சுவிட்சர்லாந்தின் மைக்கேல் கிரெட்சலும் அறிவித்த சாயமேற்றிய சூரிய மின்கலத்தையொட்டியது.

அக்கலத்தில், டைட்டானியம் டையாக்சைடின் நுண்துகள் படலத்தில் ஒட்டிய சாயம் ஒளியை ஏற்று எலெக்ட்ரானை விடுகிறது. அது வெளிச்சுற்றைக் கடந்து, எதிர்முனை எனப்படும் மறுபக்க மின்வாயை அடைந்து, மின்னூட்டத்தைச் சுமக்கும் அயோடின் கரைசல் வழியே சாயத்துக்கு மீள்கிறது. எதிர்முனையில் இவ்வினையைத் தூண்டப் பிளாட்டினம் பூசப்பட்டது. அதற்குப் பதிலாகச் செம்பையோ வெள்ளியையோ பூசினால் அயோடின் அரித்துவிடும். 1996இல் ஆந்திரியாஸ் கேயும் கிரெட்சலும் கிராஃபைட்டோடு 'கார்பன் பிளாக்' என்னும் நுண்கரித்தூளைக் கலந்து எதிர்முனை செய்து 6.7 சதவீதத் திறனை எட்டினர். தோட்டப்புறத் தமிழர் சீவிய பால்மரத்தின் ரப்பர் டயரானபோது அதற்கு வலிவும் கறுப்பும் தந்த தூளே இது.

கரி பிளாட்டினம்போல் விரைந்து வினையூக்குவதில்லை. ஆயினும் அதன் நுண்துளைகள் பரப்பைப் பெருக்கி அக்குறையை ஈடுசெய்கின்றன. பிளாட்டினம் மிகச் சிறிதளவே வேண்டப்படுவதால், அதைத் தவிர்ப்பதே சிக்கனம் என்று கருதுவது பிழையாகும். தடித்த கரிப்படலம் தானே மின்னோட்டத்தைக் கடத்துவதால், வெள்ளீய ஆக்சைடு பூசிய இரு கண்ணாடிகளுள் ஒன்று தேவையற்றுப் போவதே பெரிய ஆதாயம்.

1857இல் கிள்ளானிலிருந்து ஆற்றுவழி சென்ற சுரங்கத் தொழிலாளர், கோலாலம்பூர் என்னும் ஊர் தோன்றக் காரணமானதும் அதே வெள்ளீயத்தைத் தேடித்தான். வெள்ளீயம் அலசி மிஞ்சிய அமாங் என்னும் மணலில் டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டும் உண்டு. கரிக்கோ செம்பனை இருக்கிறது. காப்பாருக்கு வடக்கே, கோலசிலாங்கூரின் தெனமாராம் தோட்டத்தில் 1917இல் வணிகப் பயிராக நடப்பட்ட அம்மரத்தின் கொட்டை ஓடு, ஆலைக் கொதிகலனில் எரிபொருளாகிறது. அதையே காற்றுப் புகாமல் சுட்டு நீராவியால் துளையேற்றினால் நுண்துளைக் கரி கிடைக்கும். கரி உதிராமல் பிணைக்கக் கேயும் கிரெட்சலும் சேர்த்த பசையும் டைட்டானியம் டையாக்சைடே.