சாளைக் கருவாடும் கம்பங்கஞ்சியும்

போன பகுதியில் முத்துக்குளிப்பு பற்றிப் பேசினோம். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனா இதே கடல் உள்ளூர்களுக்கு அனுப்பின கருவாடு இன்னைக்கும் சாத்தான்குளத்து அடுப்படியில் இருக்கு. அதோட வரலாற்றை யாரும் பெரிசா எழுதலை.

சாத்தான்குளம் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். செம்மண், பனை, மானாவாரிப் பயிர். கம்பங்கஞ்சிக்குச் சுட்ட சாளையோ நெத்திலியோ தொட்டுக்குவாங்க. வசதியில்லாதவங்க சாப்பாடுன்னு அதை ஒதுக்கிடறோம். எனக்கு அது கெட்டிக்காரச் சேர்க்கையாகத்தான் தெரியுது.

ஏன்னு சொல்றேன். தானியத்தில் ஃபைட்டிக் அமிலம் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். குடலால் முழுசா உறிஞ்ச முடியாது. 1960-களின் கடைசியில் வெனிசுவேலாவில் லாய்ரிஸ் குழுவினர் ஒன்றைக் காட்டினார்கள்: தானியம், பயறோடு மீனோ இறைச்சியோ சேர்ந்தால், தானியத்தில் இருக்கிற இரும்பே கூடுதலாக உடம்பில் சேர்கிறது.

1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்குப் பல மாகாணத்துச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், வெண்ணெய் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள் பின்தங்கின. சரி, பாலுக்குத் தேரிக்காட்டில் எங்கே போவது? முள்ளோடு தின்கிற சின்ன மீன் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். அதன் கால்சியத்தைப் பாலில் இருப்பதற்கு இணையாக உடல் உறிஞ்சுவதை 1998-ல் ஷகுந்தலா தில்ஸ்டெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சின்ன மீன் ஆய்வுக்காக 2021-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கடற்கரை மீன் கெடாமல் உள்ளூர் வர உப்பு வேணும். பிரிட்டிஷ் அரசு அந்த உப்புக்கே வரி போட்டது. பிறகு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசே மீன் பதனிடும் கூடங்கள் திறந்து சலுகை விலையில் உப்பு கொடுத்தது. உப்பு விலை ஏறினா, கஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற கருவாடுதான் குறையும்.

இப்போ சாளையில் ஒரு பங்கு மீன்தூளாகி, கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகப் போகுது. வரி போனாலும் போட்டி வந்துடுச்சு. சின்ன மீனை முதலில் மனுசத் தட்டுக்குக் கொடுக்கணுங்கிறதுதான் இந்த வரலாறு எனக்குச் சொல்ற பாடம்.