வட்டுக்கோட்டை முதல் கலித்தொகை வரை

பல்கலைக்கழக மாணவனை விடாது கற்கச் செய்வது யாது என்னும் வினா புதியதன்று. உத்தியோகத்துக்காகக் கற்பவன் உண்மையிற் கற்பதில்லை என்னுங் குற்றச்சாட்டும் அதனைப் போலவே பழையது. ஈழத்தில் அக்குற்றச்சாட்டு ஒருமுறை உயர்கல்விக்கூடம் ஒன்றையே மூடுவிக்கத் துணைசெய்தது.

அமெரிக்க மிசனரிமார் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலத்தோடு கணிதமும் வானசாத்திரமும் தமிழும் கற்பிக்கப்பட்டன. கிறித்தவ போதகர்களை உருவாக்குவது நிறுவியோரின் நோக்கம். மாணவரோ அரசாங்க உத்தியோகத்துக்கு வழிதிறக்கும் ஆங்கிலத்தையே பெரிதும் நாடினர். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் சபைத் தூதுக்குழு இந்நிலையைக் குறையாகக் கண்டது. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

இத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்தற்கு அடுத்து நிகழ்ந்தவையே போதும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பட்டது. அதன் முதலாவது கலைமாணிப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் இருவர்: கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவருமே மூடப்பட்ட அச்செமினரியிற் பயின்றவர்கள்.

தாமோதரம்பிள்ளை 1832 இற் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். பட்டம் அவருக்கு உத்தியோகத்தைத் தந்தது என்பதில் ஐயமில்லை. சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியிற் பதவி வகித்தார். அப்பணிக்கிடையே சட்டம் பயின்று, நாற்பதை அண்மிய வயதில், 1871 இற் சட்டப் பட்டமும் பெற்றார். இவ்வளவோடு நின்றிருப்பின் தூதுக்குழு கூறியது சரியே என்று கொள்ளலாம்.

ஆயின் அவர் நிற்கவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868 இல் வெளியிட்டார். 1881 இல் வீரசோழியமும், 1885 இற் பொருளதிகாரமும், 1887 இற் கலித்தொகையும் அவர் பதிப்பாய் வெளிவந்தன. ஊரூராய் ஏடு தேடுதல், தொட்டால் ஒடியும் ஓலைகளை ஒப்புநோக்குதல், புள்ளியின்றி எழுதப்பட்டவற்றைப் பொருளறிந்து பிரித்தல் ஆகிய இவ்வேலைக்குப் பரீட்சகரும் இல்லை, பதவியுயர்வும் இல்லை. பிழைகளும் நேர்ந்தன. பொருளதிகாரவுரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதாகவே அவர் பதிப்பித்தார்; பின்னான்கியல்களின் உரை பேராசிரியருடையது எனப் பின்வந்த அறிஞர் நிறுவினர். அவர் அச்சிட்டிராவிடின் அந்த ஆராய்ச்சிக்கே இடமிருந்திராது என்பதும் உடன் நோக்கற்பாலது.

உத்தியோக நாட்டமும் கல்வி நாட்டமும் பகையானவை என்று தூதுக்குழு கருதியதே தவறு. தாமோதரம்பிள்ளையின் வாழ்வில் முன்னது பின்னதற்குச் சோறிட்டது. எனினும் சம்பளம் மட்டும் இவ்வூக்கத்தை விளைத்தது எனல் பொருந்தாது. அங்குப் பயின்று பதவி பெற்ற எல்லோரும் தாமோதரம்பிள்ளை ஆயினர் அல்லர். பட்டம் பெறுவதற்கு முன்னரே, இருபதுகளின் தொடக்கத்தில், நீதிநெறிவிளக்கத்தை அவர் உரையுடன் பதிப்பித்திருந்தமை இங்கு முக்கியமானது. பரீட்சைக்கு முன்பே தமக்கென ஒரு வேலையை அவர் தேடிக்கொண்டார். பரீட்சைகள் அவ்வேலையினூடே வந்து போயின.

பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்த காலத்திலும் அது தடைப்படவில்லை. இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889 இல் அச்சேறின.