கன அணுக்கருப் பிளவும் தனிமத் தோற்றமும்: ஆய்வுக்கூடச் சான்றின் இடம்

1. ஆய்வுச் சிக்கல்

இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறக்குறையப் பாதி, விரைவு நியூட்ரான் ஏற்பின் வழியே உருவானவை. 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹாயில் ஆகியோர் கூட்டாகவும், அலஸ்டர் கேமரன் தனியாகவும் இந்நிகழ்முறையை வகுத்துக் காட்டினர். நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதி இணையும் இடம் இதற்கான களம் என்பதற்கு, 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலைகளாலும் ஒளியாலும் பதிவான இணைவு வலுவான சான்றளித்தது. அங்கே அணுக்கரு, பீட்டாச் சிதைவுக்கு அவகாசமில்லாத வேகத்தில் நியூட்ரான்களை ஏற்றுக்கொண்டே போகிறது; பின்னர் சிதைந்து அணு எண்ணில் உயர்கிறது. இந்த வளர்ச்சிக்கு எல்லை கட்டுவது பிளவு. அளவுமீறிப் பருத்த கரு இரண்டாக உடைகிறது. நியூட்ரான்கள் மிச்சமிருந்தால் துண்டுகள் மீண்டும் வளரத் தொடங்குகின்றன. ஆகவே, துண்டுகள் எந்த அணு எண்ணில் விழுகின்றன என்பதைப் பொறுத்தே நடுத்தரக் கனமுள்ள தனிமங்கள் பலவற்றின் அளவு அமைகிறது.

இடர்ப்பாடு என்னவென்றால், அங்கே பிளவுறும் கருக்கள் எந்த ஆய்வுக்கூடத்திலும் உண்டாக்கப்படாதவை. யுரேனியம்-238இல் 146 நியூட்ரான்கள் உள்ளன. விண்மீன் இணைவிலோ, நியூட்ரான் எண் 184ஐ ஒட்டிய பகுதியில்தான் பிளவு மும்முரமாக நடக்கும் என்று மாதிரிகள் கணிக்கின்றன. இந்த இடைவெளியை விண்மீன் தரவு மட்டும் நிரப்பிவிடாது. தனிம உருவாக்கத்தோடு நேர்த்தொடர்பே இல்லாத, நியூட்ரான் குறைந்த கருக்களின் பிளவை அளப்பதுதான் கோட்பாட்டுக்கு வைக்கக்கூடிய கடுமையான சோதனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. விண்மீன் சான்றின் வலிமையும் வரம்பும்

பிளவை விண்மீனில் தேடிய முதல் பெருமுயற்சி தவறாக முடிந்தது. ஐசி 4182 விண்மீன் திரளில் 1937இல் வெடித்த மீயொளிர் விண்மீனின் ஒளி, சுமார் 55 நாளுக்கொருமுறை பாதியாகக் குறைந்துவந்தது. வால்டர் பாடே, ஃபவுலர், ஹாயில் உள்ளிட்டோர் 1956இல் இதற்குக் கலிஃபோர்னியம்-254இன் தன்னியல்புப் பிளவைக் காரணமாகக் காட்டினர். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒத்துப்போனதே அடிப்படை. பின்னாளில் அவ்வகை வெடிப்புகளின் ஒளிக்கு நிக்கல்-56, கோபால்ட்-56 ஆகியவற்றின் சிதைவே மூலம் என்று நிலைநாட்டப்பட்டது. ஓர் எண் பொருந்துவதால் மட்டும் காரணம் உறுதியாகிவிடாது.

2023இல் இயன் ரோடரரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைவிட உறுதியானது. அவர்கள் 42 பழம்பெரும் விண்மீன்களின் தனிம அளவுகளை ஒப்பிட்டனர். ருத்தீனியம், ரோடியம், பல்லேடியம், வெள்ளி ஆகிய நான்கும் (அணு எண் 44 முதல் 47 வரை), அணு எண் 63 முதல் 78 வரையுள்ள கனத் தனிமங்களோடு சேர்ந்தே கூடியும் குறைந்தும் வந்தன. அணு எண் 34–42, 48–62 ஆகிய அண்டைப் பகுதிகளில் அந்த உறவு இல்லை. நிறை எண் 110ஐ ஒட்டிய துண்டும் 150ஐ ஒட்டிய துண்டும் ஒரே தாய்க்கருவிலிருந்து பிரிந்தவை என்றால், தாயின் நிறை எண் 260ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்பது அவர்களது முடிவு.

ஆனால் இம்முடிவு ஒரு முற்கோளைச் சார்ந்திருக்கிறது: தாய்க்கரு சமமாக உடையவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஃபெர்மியம்-258 ஏறக்குறையச் சரிபாதியாகவே உடைகிறது. அதன் 100 புரோட்டான்கள் ஐம்பது ஐம்பதாகப் பிரிய, இரு துண்டுகளும் வெள்ளீயமாகின்றன. இரண்டே நியூட்ரான் குறைந்த ஃபெர்மியம்-256 சமச்சீரற்று உடைகிறது. ஆக, நிறை எண்ணை மட்டும் வைத்துத் துண்டுகளைக் கணிக்க முடியாது. விண்மீன் தரவைப் படிக்கவே பிளவு பற்றிய கோட்பாடு தேவைப்படுகிறது. அந்தக் கோட்பாட்டை அதே தரவால் மெய்ப்பிப்பது சுற்றுவாதமாகும்.

3. பாதரசம்-180 எழுப்பிய கேள்வி

நீர்த்துளி மாதிரி, கரு ஏன் உடைகிறது என்பதை விளக்கும்; யுரேனியம் ஏன் சமமற்று உடைகிறது என்பதை விளக்காது. அதற்குக் கூடு விளைவுகள் வேண்டும். 50 புரோட்டான்களும் 82 நியூட்ரான்களும் கொண்ட வெள்ளீயம்-132 இரட்டை மாய எண் கரு. கனத் துண்டு அதன் அருகே விழுவது இயல்பு என்றே நெடுங்காலம் விளக்கப்பட்டது. ஆயின், ஆக்டினைடுகளின் கனத் துண்டு 50இல் நிற்பதில்லை. புரோட்டான் எண் 54ஐ ஒட்டி நிற்கிறது. பேரிக்காய் வடிவில் உருத்திரிந்த துண்டுகளில் 52, 56 ஆகிய புரோட்டான் எண்கள் நிலைப்புத் தருவதே காரணம் என்று கியோம் ஸ்கேம்ப்ஸும் செட்ரிக் சிமனெலும் 2018இல் காட்டினர்.

இந்த வரலாற்றில் 2010ஆம் ஆண்டு ஒரு திருப்பம். செர்ன் ஆய்வு மையத்தின் ஐசோல்டே நிலையத்தில் தாலியம்-180 சிதைந்து கிளர்வுற்ற பாதரசம்-180 ஆக, அது பிளவுபடுவது அளக்கப்பட்டது. 80 புரோட்டான், 100 நியூட்ரான்: சரிபாதியானால் 40 புரோட்டானும் 50 நியூட்ரானும் கொண்ட சிர்க்கோனியம்-90 இரண்டு கிடைக்கும். 50 மாய எண் என்பதால், சமச்சீர்ப் பிளவுக்கு இதைவிட வாய்ப்பான கரு இல்லை எனலாம். கிடைத்தவையோ கிரிப்டான்-80, ருத்தீனியம்-100 ஆகியவற்றை ஒட்டிய துண்டுகள். ஆக்டினைடுகளுக்கென வகுத்த விளக்கம் இங்கே செல்லுபடியாகவில்லை.

இது தனி விதிவிலக்கா, பொதுவிதியின் தடயமா? ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலுள்ள ஜிஎஸ்ஐ மையத்தின் அளவீடுகள் 2025இல் இதற்கு விடை தந்தன. அங்கே கன அணுக்கருவே எறிபொருள். பெருவேகத்தில் பாயும் கரு இலக்கைக் கடக்கையில் கிளர்வுற்று உடைய, இரு துண்டுகளும் முன்னோக்கியே விரைகின்றன. ஒவ்வொன்றின் அணு எண்ணையும் பிசகின்றிக் குறிக்க முடிகிறது. இவ்வாறு 100 பிளவு அமைப்புகள் அளக்கப்பட்டன. அவற்றில் 75 அதற்குமுன் அளக்கப்படாதவை. ஈயத்துக்குக் கீழே, நியூட்ரான் குறைந்த பகுதியில், சமச்சீரற்ற பிளவு ஒரு தனித் தீவாகவே அமைந்திருக்கிறது. அதை ஆள்வது கனத் துண்டன்று. 36 புரோட்டான் கொண்ட இலேசான துண்டு, அதாவது கிரிப்டான்.

4. மறுப்பும் மறுமொழியும்

நியூட்ரான் குறைந்த கருக்களின் நடத்தையை, நியூட்ரான் மிகுந்த கருக்களுக்கு எப்படி ஏற்றிச்சொல்ல முடியும் என்று கேட்கலாம். நேரடியாக முடியாதுதான். 36 என்ற எண்ணை விண்மீன் கணக்கில் அப்படியே நுழைப்பதும் தவறு. ஆனால் ஆக்டினைடுத் தரவுக்கு ஏற்ப அளவுருக்களைத் திருத்திக்கொண்ட ஒரு மாதிரி, ஆக்டினைடுகளைச் சரியாகக் கணிப்பதில் வியப்பில்லை. திருத்த வாய்ப்பே இல்லாத பகுதியிலும் அது தேறினால்தான், அளக்க முடியாத பகுதியில் அதை நம்ப இடமுண்டு.

இதற்கும் வரம்பு உண்டு. கரு எப்படி உடைகிறது என்பது ஒரு கேள்வி; உடைகிறதா என்பது வேறு கேள்வி. துண்டுகளின் அளவீடு முதல் கேள்விக்கே விடை தேடுகிறது. இரண்டாவது, பிளவுத் தடையின் உயரத்தைப் பொறுத்தது. நியூட்ரான் மிகுந்த கருக்களில் அவ்வுயரம் மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால், இணைவுக் கணக்கீடுகளின் ஐயப்பாட்டில் பெரும்பங்கு இங்கேதான் எஞ்சுகிறது.

5. முடிவு

தனிம உருவாக்கக் கணக்கில் பயன்படும் எந்தப் பிளவு மாதிரியும், முன்கூட்டியே பொருத்திக்கொள்ளாமல், ஃபெர்மியம்-256க்கும் 258க்கும் இடையிலான மாற்றத்தையும் பாதரசம்-180இன் சமமின்மையையும் ஈயத்துக்குக் கீழுள்ள தீவையும் ஒருங்கே கணித்துக் காட்ட வேண்டும். அத்தகைய மாதிரி நிறை எண் 260க்கு அப்பாலுள்ள கருக்களிலிருந்து பல்லேடியத்தையும் வெள்ளியையும் வருவித்தால், 2023இன் விண்மீன் சான்று தன்னைச் சாராத துணையைப் பெறும். வருவிக்காவிட்டால், அந்த நான்கு தனிமங்களின் ஒத்த ஏற்ற இறக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். எதுவானாலும் தீர்ப்பு பிளவின் இயற்பியலிலிருந்தே வர வேண்டும்.